கிராப் லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவில் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேமரா கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: கேமரா பெரிதாகிவிட்டது, லென்ஸ் பழையது, என்ன செய்வது? படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பெரியதாக இருந்தால் ஃபுல் ஃபிரேம், சின்னதாக இருந்தால் கிராப்; நிக்கான் இவற்றை எஃப்எக்ஸ், டிஎக்ஸ் என்கிறது. சின்ன சென்சாருக்கென்று செய்த லென்ஸ்தான் கிராப் லென்ஸ். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பல வருடமாக நிக்கான் டி7200 வைத்துக்கொண்டு வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து என்று எடுத்து வருகிறேன். இப்போது டி750 ஒன்று செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். புது லென்ஸுக்குக் கையில் காசு இல்லை. என்னிடம் இருப்பது 18-140 டிஎக்ஸ் லென்ஸும் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸும்தான். ஃபுல் ஃபிரேமில் டிஎக்ஸ் லென்ஸ் போட்டால் சென்சார் கெட்டுவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா அண்ணே?
வாசகர், செந்தூல்

பதில்: சென்சார் கெடாது தம்பி, பயப்படாமல் மாட்டுங்கள். நிக்கான் எஃப் மவுண்டில் (லென்ஸ் பூட்டும் வாய்) டிஎக்ஸ் லென்ஸ், எஃப்எக்ஸ் லென்ஸ் இரண்டும் ஒரே மாதிரிதான் பூட்டும், கேமராவுக்குள் எழும்பி இறங்கும் கண்ணாடியில் (மிரர்) இடிக்காது, ஆட்டோ ஃபோகஸ் ஓடும், ஆட்டம் தடுக்கும் விஆர் வேலை செய்யும். நீங்கள் இழப்பது வேறு, அது என்ன என்று தெரிந்துகொண்டு மாட்டினால் போதும்.

லென்ஸ் உள்ளே விழவைக்கும் படம் வட்டமானது, சுவரில் டார்ச் அடித்தால் விழும் வெளிச்சம் மாதிரி. சென்சாரின் நான்கு மூலையும் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தால் 43 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். டிஎக்ஸ் சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ., மூலைக்கு மூலை சுமார் 28. டிஎக்ஸ் லென்ஸைச் செய்தவர்கள் அந்த 28-க்குத்தான் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் அது சின்னதாக, எடை குறைவாக, விலையும் குறைவாக இருக்கிறது. அதைப் பெரிய சென்சார் முன்னால் வைத்தால் வட்டம் போதாமல் மூலை கறுத்துவிடும். உங்கள் டி750 இதைத் தானாகவே கண்டுபிடித்து, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியுள்ளதை விட்டுவிடும். இதுதான் ஆட்டோ டிஎக்ஸ் கிராப்.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதுதான் முக்கியம். டி750-யின் முழு சென்சார் 24 மெகாபிக்சல். நடுப்பகுதி மட்டும் என்றால் 3936-க்கு 2624 பிக்சல், அதாவது சுமார் 10 மெகாபிக்சல். ஆனால் உங்கள் பழைய டி7200 அதே டிஎக்ஸ் அளவில் 24 மெகாபிக்சல் கொடுத்துக்கொண்டிருந்தது! அதே 18-140 லென்ஸைப் பழைய கேமராவில் போட்டால் 24, புதிய கேமராவில் போட்டால் 10. பெரிய கேமரா வாங்கியும் படம் சிறுத்துவிட்டது என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான், கேமரா மேல் பழி போட்டு விற்கவும் கிளம்பிவிடுகிறார்கள். கேமராவில் ஒரு குறையும் இல்லை.

10 மெகாபிக்சல் என்றால் ஒன்றுக்கும் உதவாது என்றும் நினைக்காதீர்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடித்தால் அகலம் 13 அங்குலம் வரும். 4ஆர், 5ஆர், 8ஆர் வரைக்கும் கவலையே வேண்டாம். ஆல்பத்தில் 12-க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் என்றாலும் அங்குலத்துக்கு 200-க்கு மேல் வருகிறது, மணமக்கள் இருவர் மட்டும் நிற்கும் படமாக இருந்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். சிக்கல் எங்கே என்றால் குடும்பப் படத்தில். மேடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து நாற்பது ஐம்பது பேர் நிற்கும்போது ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் பிக்சல் கொஞ்சம்தான். அதிலும் பின்னால் ஓரத்தில் நிற்கும் பாட்டி முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தாருங்கள் என்று பிறகு யாராவது கேட்டால், அங்கே படம் உடைந்துவிடும். கல்யாணப் படத்தில் இப்படித்தான் கேட்பார்கள், அந்தப் பாட்டியின் கடைசி நல்ல படம் அதுவாகவே இருக்கலாம். அதனால் குரூப் படத்துக்கு டி750-யோடு டிஎக்ஸ் லென்ஸைப் போடவே வேண்டாம். டி7200-ஐ விற்கவில்லை என்றால் 18-140 லென்ஸை அதிலேயே விட்டுவிட்டு, குரூப் படத்தை அதிலேயே எடுங்கள்.

டிஎக்ஸ் கிராப்பில் ஒரு நன்மையும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. டி750-யின் 51 ஃபோகஸ் புள்ளிகளும் வியூஃபைண்டரின் நடுவில்தான் கூடிக் கிடக்கும். டிஎக்ஸ் கட்டத்துக்குள் பார்த்தால் அந்தப் புள்ளிகள் கிட்டத்தட்ட இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரவி இருக்கும். ஓரத்தில் நிற்கிறவர் கண்ணில் ஃபோகஸ் வைக்க அது வசதி. ஆனால் பார்க்கும் கட்டம் சின்னது, கட்டத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், பழகும்வரை கொஞ்சம் தடுமாறும்.

காசு சேரும்போது முதலில் வாங்க வேண்டியது ஏ.எஃப்-எஸ் 50 மி.மீ. எஃப் 1.8. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களில் மலிவானவற்றில் ஒன்று, செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு அப்புறம் 24-120 எஃப் 4. டி750-யோடு சேர்த்து விற்றதே அந்த லென்ஸைத்தான், அதனால் பழைய சந்தையில் அடிக்கடி கண்ணில் படும். அந்த இரண்டும் கைக்கு வந்தபின் கல்யாணத்துக்கு வேறு எதையும் உடனே தேட வேண்டாம்.

கேள்வி: 35 மி.மீ. டிஎக்ஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேமையும் கிட்டத்தட்ட மூடிவிடும், ஆட்டோ கிராப்பை நிறுத்திவிட்டு எடு என்று ஸ்டூடியோவில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொன்னார். அப்படி எல்லா லென்ஸும் செய்யுமா? எது செய்யும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அவர் சொன்னது சரி. 28 மி.மீ. வட்டம் என்பது குறைந்தபட்சக் கணக்கு, பல லென்ஸ்களின் வட்டம் அதைவிடப் பெரியது. நிக்கான் 35 எஃப் 1.8 டிஎக்ஸ் அதற்குப் பேர்போனது, மூலைகள் மங்கலாக இருட்டும், நடுப்பகுதி முழுக்க நன்றாக இருக்கும். டோக்கினா 11-16 எஃப் 2.8 லென்ஸை 16 மி.மீ.யில் வைத்தால் ஃபுல் ஃபிரேமை மூடிவிடும், 11-க்குக் கொண்டுபோனால் சுற்றிக் கறுப்பு வட்டம் தெரியும். சோனி 10-18 எஃப் 4 லென்ஸும் நடு ஜூமில் தாங்கும். பொதுவாக ஜூம் லென்ஸில் அகலக் கோணத்தில் கறுத்து, ஜூம் நீள நீள வட்டம் விரிவது அடிக்கடி நடக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அப்படி என்று சொல்ல முடியாது, கையில் இருக்கும் லென்ஸைச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) இமேஜ் ஏரியா மெனுவுக்குப் போய் ஆட்டோ டிஎக்ஸ் கிராப்பை ஆஃப் செய்து, எஃப்எக்ஸ் என்று வையுங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து, ஹூட், ஃபில்டர் எல்லாம் கழற்றிவிட்டு, ஜூமின் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு படம். அப்படியே எஃப் 8-லும் ஒருமுறை எடுங்கள். திறந்த அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளை) மூலை மெல்ல மெல்ல இருட்டுவது போலத் தெரியும், எஃப் 8-இல் அந்த இருட்டு வெட்டின மாதிரி ஒரு விளிம்பாகிவிடும். விளிம்பு படத்துக்குள் வந்துவிட்டது என்றால் அது மென்பொருளில் சரியாகாது. வெறும் மங்கல் என்றால் வெளிச்சத்தை ஏற்றிச் சரி செய்துவிடலாம்.

கேமரா இல்லாமலே கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். வெள்ளைத் தாளில் 36-க்கு 24 மி.மீ. ஒரு கட்டம், அதன் நடுவே 24-க்கு 16 ஒரு கட்டம், பென்சிலால் வரையுங்கள். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் முன்பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டி, பின்பக்கத்துக்கு நாலரை சென்டிமீட்டர் தள்ளித் தாளைப் பிடியுங்கள். எதிர்வீடு, மின்கம்பம், வானம் எல்லாம் தலைகீழாக ஒரு வட்டத்தில் வந்து தாளில் விழும். தாளைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் கூர்மையாகும். சின்னக் கட்டம் வட்டத்துக்குள் தாராளமாக உட்கார்ந்திருக்கும், பெரிய கட்டத்தின் மூலைகள் வெளியே நிற்கின்றனவா என்று நேரிலேயே பார்க்கலாம். நிக்கான் லென்ஸைக் கழற்றினால் அப்பர்ச்சர் மூடிக்கொள்ளும், பின்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை விரலால் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். மிரர்லெஸ், அதாவது உள்ளே மிரர் இல்லாத கேமராவின் லென்ஸ்களில் இதைச் செய்ய வேண்டாம், தாளை மிக ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், பலவற்றில் மின்சாரம் இல்லாமல் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் பகுதி நிலையாக நிற்பதும் இல்லை.

மூலை கொஞ்சம்தான் கறுக்கிறது என்றால் சதுரமாக வெட்டிப் பாருங்கள். 24-க்கு 24 சதுரத்தின் மூலைக்கு மூலை 34 மி.மீ.தான், 43 தேவையில்லை. டி750-யில் சதுரமாக வெட்டினாலும் 16 மெகாபிக்சல் கையில் இருக்கும், டிஎக்ஸ் கிராப்பின் 10-ஐவிட அதிகம். உங்கள் 35 மி.மீ. லென்ஸுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்டோ கிராப்பை நிறுத்துங்கள், முழுசாக எடுங்கள், வேண்டிய அளவுக்குப் பிறகு வெட்டுங்கள். டிஎக்ஸ் கிராப்பில் எடுத்தால் ரா ஃபைலிலும் (கேமராவின் மூலக் கோப்பு) வெளிப்பகுதி பதிவாகாது, பிறகு திரும்பக் கேட்டாலும் கிடைக்காது.

கேள்வி: என்னிடம் கேனன் இஎஃப்-எஸ் 10-22, 18-55 லென்ஸ்கள் உள்ளன. கேமரா 6டி. மாட்டவே முடியவில்லை. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தை அறுத்துவிட்டால் பொருந்தும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
வாசகர், செத்தாப்பாக்

பதில்: வேண்டாம் ஐயா, தயவுசெய்து ரம்பத்தைக் கீழே வையுங்கள். நிக்கான் கதையும் கேனன் கதையும் இங்கேதான் பிரிகின்றன. கேனன் 2003-இல் 300டி கேமராவோடு இஎஃப்-எஸ் என்ற கிராப் லென்ஸைக் கொண்டுவந்தபோது, சின்ன சென்சார் கேமராவில் கண்ணாடியும் சின்னது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, லென்ஸின் பின்பகுதியைக் கேமராவுக்குள் ஆழமாக இறக்கிவிட்டது. 6டி ஃபுல் ஃபிரேம், அதில் கண்ணாடி பெரியது. அது மேலே எழும்பும்போது லென்ஸின் பின்பக்கத்தில் போய் மோதக்கூடும். அந்த வளையம் லென்ஸ் பூட்டாமல் தடுப்பதற்கென்றே வைத்த காவல். அறுத்தால் லென்ஸ் பூட்டும்தான், அடுத்த கிளிக்கில் கண்ணாடி உடையலாம், ஒரு லென்ஸை மிச்சப்படுத்தப் போய் கேமராவே போய்விடும். மவுண்டைப் பாருங்கள்: இஎஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருக்கும், 6டி-யில் சிவப்புப் புள்ளி மட்டும்தான். வெள்ளைச் சதுரத்துக்கு ஜோடி இல்லாத கேமராவில் அந்த லென்ஸுக்கு வேலை இல்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிக்மா டிசி, டாம்ரான் டிஐ 2 மாதிரி வேறு நிறுவனத்தார் கேனனுக்குச் செய்த கிராப் லென்ஸ்கள் சாதாரண இஎஃப் மவுண்டில்தான் வரும், 6டி-யில் பூட்டிவிடும். ஆனால் 6டி-யில் கிராப் மோடே கிடையாது, கறுத்த மூலையை நீங்கள்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் 10-22 நல்ல லென்ஸ், விற்க மனம் வராது என்று தெரிகிறது. கேனன் மிரர்லெஸ்ஸுக்குப் போகும் நாள் வந்தால் அது பிழைத்துக்கொள்ளும். அதன் ஆர்எஃப் மவுண்ட் கேமராக்களில் எழும்பும் மிரரே இல்லை, கேனனின் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரைப் போட்டால் இஎஃப்-எஸ் லென்ஸ் தாராளமாக வேலை செய்யும், அந்த அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரமும் குறையாது. கேமரா தானாக 1.6 மடங்கு கிராப்புக்குப் போய்விடும். அப்போது மெகாபிக்சல் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கவனியுங்கள்: ஆர்5-இல் 45-லிருந்து 17, ஆர்பி-யில் 26-லிருந்து 10, ஆர்6-இல் 20-லிருந்து 8-க்கும் கீழே. ஆர்6 வாங்கி அதில் இஎஃப்-எஸ் லென்ஸையே வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இஎஃப்-எம் லென்ஸ் (கேனனின் பழைய மிரர்லெஸ் வகை) எதுவும் கையில் இருந்தால் அது ஆர்எஃப் கேமராவில் எந்த வழியிலும் சேராது, அதைத் தனியாக விற்றுவிடலாம்.

கேள்வி: கிராப் லென்ஸில் 18-55 என்று எழுதியிருப்பது கிராப் கணக்குப் போட்ட எண்ணா, போடாத எண்ணா? 50 மி.மீ. கிராப் லென்ஸும் 50 மி.மீ. ஃபுல் ஃபிரேம் லென்ஸும் ஒன்றா?
மாணவர், கெப்போங்

பதில்: போடாத எண். 50 என்றால் 50-தான், எந்தக் கேமராவுக்குச் செய்த லென்ஸாக இருந்தாலும் சரி. இரண்டையும் ஒரே கிராப் அளவில் வைத்து எடுத்தால் ஒரே காட்சிதான் வரும், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 1.5 மடங்கு, அதாவது 75 மி.மீ. கோணம் (கேனனில் 1.6 மடங்கு, 80). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படவட்டத்தின் அளவு மட்டுமே.

கேள்வி: எஃப் 1.8 லென்ஸைக் கிராப் மோடில் போட்டால் எஃப் 2.7 ஆகிவிடும் என்கிறார்கள். அப்படியானால் ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டுமா? இரவு விருந்துகளை எடுப்பவன் நான், வெளிச்சம்தான் என் கவலை.
வாசகர், ஜாலான் ஈப்போ

பதில்: ஷட்டரைத் தொடாதீர்கள். எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 3200 என்று முழு சென்சாரில் சரியாக வந்தால் கிராப்பிலும் அதே எண்களில் அதே வெளிச்சம்தான் வரும். 2.7 என்று சொல்வது இரண்டு விஷயத்துக்கு மட்டும் பொருந்தும். ஒன்று பின்னணி மங்கல்: 35 மி.மீ. எஃப் 1.8 கிராப்பில் கொடுக்கும் கோணமும் மங்கலும், ஃபுல் ஃபிரேமில் 52 மி.மீ. எஃப் 2.7 கொடுப்பதற்குச் சமம். மேடைக்குப் பின்னால் பூ அலங்காரமும் சின்ன விளக்குகளும் உருகிப்போய்த் தெரிய வேண்டும் என்று ஃபுல் ஃபிரேம் வாங்கியவருக்கு இது ஏமாற்றம்தான்.

இரண்டாவது குருணை, அதாவது நாய்ஸ். சென்சாரில் பாதிக்கும் குறைவான பரப்பைத்தான் பயன்படுத்துகிறீர்கள், சேரும் மொத்த ஒளியும் அதே அளவு குறைந்துபோகிறது. இரண்டு படத்தையும் ஒரே அளவில் அச்சடித்து அருகருகே வைத்தால், கிராப்பில் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்தது, முழு சென்சாரில் 6400-க்குச் சற்று மேலே எடுத்தது மாதிரி இருக்கும். விருந்து மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு மணமக்கள் உள்ளே நடந்து வரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பெரும்பாலோர் ஃபுல் ஃபிரேமுக்கு மாறுகிறார்கள், அந்த நிமிடத்தில் கிராப் லென்ஸைப் போட்டால் கொடுத்த காசின் பலன் போய்விட்டது. வெளிச்சம்தான் உங்கள் கவலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு என் பதில் நேரடியானது: இரவு வேலைக்குக் கிராப் லென்ஸைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். விலை குறைந்த ஃபுல் ஃபிரேம் 50 எஃப் 1.8, உயர்தரக் கிராப் ஜூமைவிட அங்கே நன்றாக உழைக்கும்.

கேள்வி: வீடியோ மட்டும்தான் எடுக்கிறேன். சோனி ஏ7 மார்க் 4. முன்பு ஏ6400-க்கு வாங்கிய சிக்மா 16 எஃப் 1.4, டாம்ரான் 17-70 எஃப் 2.8 இரண்டும் இருக்கின்றன. விற்றுவிடவா?
வாசகர், சிகாம்புட்

பதில்: விற்காதீர்கள். கிராப் லென்ஸுக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவில் நல்ல வாழ்வு கிடைக்கும் இடம் வீடியோதான். 4கே படம் 3840-க்கு 2160, மொத்தம் எட்டு மெகாபிக்சலும் கொஞ்சமும்தான். உங்கள் கேமராவில் கிராப்புக்குப் பிறகும் 14 மெகாபிக்சல் மிஞ்சுகிறது, 4கே-க்குத் தேவையானதைவிட அதிகம். இன்னொன்று, ஏ7 மார்க் 4-இல் 4கே 50, 60 ஃபிரேம் எடுக்க வேண்டுமென்றால் கேமராவே சூப்பர் 35 என்ற கிராப் அளவுக்குத்தான் போகும், விலையுயர்ந்த ஃபுல் ஃபிரேம் லென்ஸைப் போட்டாலும் அதன் வெளிவட்டம் அங்கே வீண். ஸ்லோமோஷனுக்கு உங்கள் 16 மி.மீ. 24 மி.மீ. கோணம் கொடுக்கும், 17-70 கிட்டத்தட்ட 25-லிருந்து 105 வரை. ஒரு கல்யாண வீடியோவை இந்த இரண்டை வைத்தே முடித்துவிடலாம்.

25 ஃபிரேமில் இருட்டில் எடுக்கும்போது மட்டும் முழு சென்சார் நன்றாக இருக்கும். அங்கே முழு அகலத்தையும் 7கே அளவில் படித்து 4கே-யாகச் சுருக்குகிறது, சுத்தமாக இருக்கும். அதற்கு ஒரு ஃபுல் ஃபிரேம் பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போதும். நம் மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மண்டபத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், இல்லையென்றால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும். இது லென்ஸ் சமாச்சாரம் இல்லை, ஆனால் துடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு லென்ஸைக் குறை சொல்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் எடுக்க ஆசை. சோனி ஏ7ஆர் மார்க் 4 வைத்திருக்கிறேன், நீள லென்ஸ் என்று இருப்பது 70-350 என்ற கிராப் லென்ஸ் மட்டும்தான். கொண்டுபோவதில் பயன் உண்டா?
வாசகி, கோம்பாக்

பதில்: கட்டாயம் கொண்டுபோங்கள். உங்கள் கேமரா 61 மெகாபிக்சல், கிராப் செய்தாலும் 26 மிஞ்சும். தனியாக ஒரு நல்ல சோனி கிராப் கேமரா வாங்கினாலும் அவ்வளவுதான் கிடைக்கும், ஆகவே நீங்கள் எதையும் இழக்கவில்லை. 350 மி.மீ. என்பது 525 மி.மீ. கோணமாகிறது. அந்தக் கோணத்தைத் தரும் ஃபுல் ஃபிரேம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்து பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

அங்கே நீள லென்ஸ் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். காவடி எடுப்பவருக்கு வேல் குத்தும்போது சுற்றி நிற்பது அவர் குடும்பம், நண்பர்கள், மேளக்காரர்கள். அவர்கள் எல்லோரும் ஒருமனமாக இருக்கும் நேரம் அது. அகல லென்ஸோடு முகத்துக்கு முன்னால் போய் நின்று அந்த நேரத்தைக் கெடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம், ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஆற்றங்கரைப் பக்கம் தள்ளி நின்று 200, 300 மி.மீ.யில் கண்ணையும் நெற்றித் திருநீற்றையும் மயிற்பீலி ஓரத்தையும் எடுத்தால் படமும் நன்றாக வரும், அவர்கள் வழிபாடும் தடைபடாது.

நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 350-இல் அந்த லென்ஸின் அப்பர்ச்சர் எஃப் 6.3. விடியற்காலை இருட்டிலும் குகைக்குள்ளும் அது திணறும். 272 படி ஏறி உள்ளே போகும்போது ஃபுல் ஃபிரேம் 35 அல்லது 50 எஃப் 1.8-ஐ மாட்டிக்கொள்ளுங்கள், குகைக் கூரையிலிருந்து விழும் வெளிச்சத்துக்கு முழு சென்சாரும் வேண்டும். லென்ஸ் மாற்றுவதைப் படி ஏறும் முன்பே செய்துவிடுங்கள், படியில் கூட்டமும் விபூதித் தூளும் குரங்குகளும் இருக்கும்போது சென்சாரைத் திறந்து வைக்கக் கூடாது. 42.7 மீட்டர் முருகன் சிலையையும் வண்ணப் படிகளையும் சேர்த்து எடுப்பதற்கு 24 மி.மீ. அகலம் வேண்டும், கைபேசியே போதும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போகிறேன். ஃபுல் ஃபிரேம் லென்ஸ் என்று சொல்லிக் கிராப் லென்ஸைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
வாசகர், பூச்சோங்

பதில்: லென்ஸ் மேல் இருக்கும் எழுத்தைப் படித்தால் போதும். நிக்கானில் டிஎக்ஸ், கேனனில் இஎஃப்-எஸ் அல்லது ஆர்எஃப்-எஸ், சிக்மாவில் டிசி, டாம்ரானில் டிஐ 2 அல்லது டிஐ 3-ஏ என்று இருந்தால் கிராப். சிக்மா டிஜி, டாம்ரானில் வெறும் டிஐ அல்லது வெறும் டிஐ 3 என்றால் பெரும்பாலும் ஃபுல் ஃபிரேம். டாம்ரானில் அந்தக் கடைசி ஏ எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கவனம். சோனியில் எஃப்இ என்றால் ஃபுல் ஃபிரேம், வெறும் இ என்றால் கிராப். பெரும்பாலும் விற்பவருக்கே வித்தியாசம் தெரியாது, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருக்காது. புடு பிளாசா மாதிரி கடைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்குப் போனால் உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்து, அதில் எத்தனை மெகாபிக்சல் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 24-க்குப் பதில் 10 என்று காட்டினாலோ, கிராப் மோடு இல்லாத கேமராவில் கறுப்பு வட்டம் தெரிந்தாலோ கையில் இருப்பது கிராப் லென்ஸ். யாரையாவது நேரில் சந்தித்து வாங்குவதாக இருந்தாலும் கேமரா இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: இப்போது கிராப் கேமரா. பிற்காலத்தில் ஃபுல் ஃபிரேம் வாங்குவேன். இப்போதே ஃபுல் ஃபிரேம் லென்ஸாக வாங்கிச் சேர்க்கவா?
வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: 50, 85, நீள ஜூம் இவற்றை ஃபுல் ஃபிரேமாக வாங்குங்கள், இரண்டு கேமராவிலும் உழைக்கும். அகல லென்ஸை மட்டும் கிராப்பிலேயே வாங்குங்கள். 24-70 ஃபுல் ஃபிரேம் லென்ஸைக் கிராப் கேமராவில் போட்டால் 36-லிருந்துதான் ஆரம்பிக்கும், ஜார்ஜ் டவுன் ஐந்தடிப் பாதையில் நின்றுகொண்டு ஒரு கடைவீட்டின் முகப்பை அதில் முழுசாக அடக்க முடியாது. வராத கேமராவுக்காக இன்றைய படத்தை விட வேண்டாம்.

கேள்வி: நிக்கான் இசட்5 வாங்க இருக்கிறேன். பழைய 35 மி.மீ. டிஎக்ஸ் லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டு, ஆட்டோ கிராப்பை நிறுத்திவிட்டு முழு சென்சாரில் எடுக்கலாமா?
வாசகர், செராஸ்

பதில்: முடியாது. நிக்கானின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்கள் டிஎக்ஸ் லென்ஸைக் கண்டால் கிராப்புக்குப் போய் அங்கேயே பூட்டிக்கொள்ளும், மெனுவில் மாற்ற வழியில்லை, இசட்5-இல் 10 மெகாபிக்சல்தான் வரும். பிரிக்பீல்ட்ஸ் வாசகிக்குச் சொன்ன வழி டிஎஸ்எல்ஆருக்கு மட்டும். அந்த லென்ஸை முழு சென்சாரில் பயன்படுத்துவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இசட்5-க்குப் பதில் பழைய டி750 ஒன்றைத் தேடுங்கள். இசட்5-தான் வேண்டும் என்றால் 35-ஐ விற்றுவிட்டு, வரும் காசோடு கொஞ்சம் சேர்த்து, எஃப்டிஇசட் அடாப்டரில் போட ஏ.எஃப்-எஸ் 50 எஃப் 1.8 வாங்கிக்கொள்ளுங்கள்.